மோதிய ரேஸ் காரைச் சரிசெய்வதா, வேறு ஸ்பெக் வகுப்புக்கு மாறுவதா?

கேள்வியில் இருப்பது இது: ஸ்பெக் மியாட்டா வகுப்பில் (ஸ்பெக் என்றால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி காரை ஒரே விதியில் ஓட்டும் வகுப்பு, மியாட்டா மஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஓடும் கார், வலது முன்சக்கரம் சுவரில் அடித்திருக்கிறது, ஃபெண்டரும் பம்பரும் போய்விட்டன, மற்றபடி பார்க்க மோசமில்லை. சரிசெய்து ஓட்டலாமா, இல்லை இந்தச் சாக்கில் வேறொரு ஸ்பெக் வகுப்புக்கு மாறிவிடலாமா?

என்னுடையதும் 1.6 லிட்டர் மியாட்டாதான். அடிபட்டதும் அதே வலது முன்பக்கம்தான். அதனால் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கண்ணை நம்பினேன். ஃபெண்டரைக் கழற்றியதும், சக்கரத்தைக் காரோடு பிடித்திருக்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்ம் வளைந்திருந்தது பளிச்சென்று தெரிந்தது. அதை மாற்றினேன், சக்கரத்தைத் திருப்பும் டை ராடை மாற்றினேன், அலைன்மென்ட் பார்த்தேன். எண்கள் சரியாக வந்தன. ஆனால் மியாட்டாவில் கீழ் ஆர்மைப் பிடித்திருப்பவை மையம் விலகிய எக்சென்ட்ரிக் போல்ட்டுகள். அவற்றைத் திருப்பித்தான் கேம்பர், காஸ்டர் என்ற சக்கரத்தின் சாய்வுக் கோணங்களை வைப்போம். இடது பக்கத்தில் போல்ட்டின் குறி நடுவில் நின்றது, வலது பக்கத்தில் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கேயே நான் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண் வர, இரண்டு போல்ட்டும் இவ்வளவு வேறுபட்ட இடத்தில் நிற்கிறது என்றால், இன்னும் ஏதோ வளைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அடுத்த போட்டியில் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் கார் ஒரு பக்கம் இழுத்தது. நேராகப் போகும் என்று நம்பி வளைவுக்குள் நுழைய முடியாத காரை இன்னொருவர் கதவுக்குப் பக்கத்தில் ஓட்டக் கூடாது. பாதியிலேயே உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் அளந்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, ரசமட்டம், இரும்பு டேப், சாக்பீஸ் போதும். சமமான தரையில் காரை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ம் மாட்டும் இடங்களிலிருந்தும், பின்பக்கத்தில் அடிபடாத ஃபேக்டரி துளைகளிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து, முனைக்கு நேர் கீழே தரையில் புள்ளி வையுங்கள். காரைத் தள்ளிவிட்டால் தரையில் அதன் வரைபடமே கிடைக்கும். இப்போது குறுக்கே அளக்க வேண்டும்: வலது முன்னிலிருந்து இடது பின், இடது முன்னிலிருந்து வலது பின். டேப்பின் ஒரு முனையை இன்னொருவர் அழுத்திப் பிடித்தால்தான் அளவு நிலையாக வரும். எனக்கு இரண்டு குறுக்களவுக்கும் 9 மி.மீ. வித்தியாசம் வந்தது. மூன்று தடவை அளந்தும் அதே 9.

சோர்ந்துபோய் காரை விற்கப் பார்க்காதீர்கள், அடுத்த அளவுதான் முக்கியம். முன் சப்ஃபிரேம், அதாவது முன் ஆர்ம்களைத் தாங்கும் இரும்புச் சட்டம், போல்ட்டில் மாட்டப்பட்ட பாகம். அதை இறக்கிவிட்டு, அது பாடியில் உட்காரும் துளைகளை மட்டும் மறுபடி அளந்தேன். வித்தியாசம் 3 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. அப்படியானால் வளைவின் பெரும்பகுதி கழற்றி மாற்றக்கூடிய இரும்பில் இருக்கிறது, பாடியின் ரெயிலில் (அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டம்) கொஞ்சம்தான். பாடி வேலை செய்பவர்கள் வழக்கமாக வைக்கும் வரம்பும் கூட்டிக் குறைத்து 3 மி.மீ.தான். உங்கள் கார் பிழைக்குமா என்பதை இந்த இரண்டாவது அளவு சொல்லிவிடும்.

ரெயிலை இழுக்க வேண்டியிருந்தால் அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். சேதம் எந்த வரிசையில் நடந்ததோ அதற்குத் தலைகீழ் வரிசையில்தான் இழுக்க வேண்டும். கடைசியில் மடிந்தது முதலில் வெளியே வரவேண்டும். தகடு கொஞ்சம் திரும்பி ஓடும், அதனால் இலக்கைத் தாண்டி ஒரு இம்மி இழுத்து விடுவார்கள். இழுவையில் இருக்கும்போதே சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். யாராவது கேஸ் டார்ச்சை எடுத்து ரெயிலைச் சிவக்கச் சூடாக்கினால் தடுத்துவிடுங்கள், அந்த இடத்தின் பலம் போய்விடும். எங்கெல்லாம் மடிந்திருக்கிறது என்று தெரியவில்லையா? பெயின்டில் விழுந்த மெல்லிய சுருக்கங்களையும், தகடுகளின் இணைப்பில் பூசிய சீலர் எங்கே வெடித்திருக்கிறது என்பதையும் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். அதைச் செய்து முடிக்கும்வரை பட்டி, பெயின்ட் பற்றிய பேச்சே வேண்டாம்.

வளைவைவிட நான் பயப்படுவது விரிசலுக்குத்தான். வளைந்த பாகம் கார் ஓடும்போதே காட்டிக்கொடுக்கும், விரிந்த பாகம் உடையும்வரை அமைதியாக இருக்கும். விரிசலைக் காட்ட டை பெனிட்ரன்ட் என்று மூன்று ஸ்பிரே டப்பாக்கள் கிடைக்கும். பாகத்தை கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டு, மேலே உள்ள சாயத்தை மட்டும் துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் என் வலது ஸ்டியரிங் நக்கிள் கண்ணுக்குப் புதிது போலத்தான் இருந்தது. வெள்ளைப் படலம் காய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்பிண்டில் (ஹப் மாட்டும் தண்டு) தொடங்கும் வளைவில் ஒரு சிவப்புக் கோடு தானாக எழுந்து வந்தது. தலைமுடி அளவுதான் அகலம், ஒரு நக நீளம். அந்த நக்கிளோடுதான் நான் அடுத்த போட்டிக்குப் போயிருந்தேன். இன்றும் அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன். அடிபட்ட மூலையில் நக்கிள், ஹப், வீல் பேரிங் மூன்றையும் இப்போதெல்லாம் யோசிக்காமல் மாற்றிவிடுகிறேன். ஸ்டியரிங் ரேக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஓரிடத்தில் இறுகினால் உள்ளே பார் வளைந்திருக்கிறது.

ஓட்டுநரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜில் வளைந்த குழாயை நிமிர்த்தவே கூடாது, வெட்டி எடுத்துவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் மெயின் ஹூப் (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளையம்) குழாய் குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2.0 மி.மீ. தடிமனும் இருக்க வேண்டும். கிளப் விதிகளில் காரின் எடையைப் பொறுத்து அளவு மாறும். தரைத்தகட்டில் கேஜ் உட்காரும் பிளேட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தலை எங்காவது மோதியிருந்தால் ஹெல்மெட் முடிந்தது, உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கத்தான் செய்யப்பட்டது. பெரிய அடி என்றால் பெல்ட்டுகளையும் மாற்றுங்கள். இழுபட்ட நாடா இன்னொரு தடவை அதே மாதிரி தாங்காது. எஸ்எஃப்ஐ 16.1 என்ற பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற பெல்ட்டுக்கு ஆயுளே 2 ஆண்டுதான், எனவே கணக்குப் பார்த்துத் தயங்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, இப்போது விதிகள். ஸ்பெக் வகுப்புகளை ஒப்பிடும்போது எல்லோரும் வேகம், டயர், களத்தில் எத்தனை கார் என்றுதான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், மோதலுக்கு மறுநாள் அந்த விதிப்புத்தகம் உங்களை என்ன செய்ய விடும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதைக் கொண்டு சரிசெய்யலாம், யார் சரிசெய்யலாம், சரிசெய்ததை யார் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதில்தான் வகுப்புக்கு வகுப்பு பெரிய வேறுபாடு.

ஸ்பெக் மியாட்டா, ஸ்பெக் ஈ30, ஸ்பெக் பாக்ஸ்டர் எல்லாம் ஒரு குடும்பம். கம்பெனி தயாரித்துத் தெருவில் ஓடிய கார்கள், அவற்றில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் மாற்றலாம். இந்த வகுப்புகளின் பெரிய பலம், அடிபட்ட காருக்கு உதிரி தர இன்னொரு பழைய கார் எங்காவது கிடைத்துவிடும் என்பது. என் சப்ஃபிரேமும் நக்கிளும் அப்படி வந்தவைதான். ஆனால் வேலை செய்யும்போது எஸ்சிசிஏ (அமெரிக்கக் கார் பந்தய கிளப்) வட்டாரத்தில் அடிக்கடி சொல்லும் அந்த வாசகத்தை மறக்கக் கூடாது: செய்யலாம் என்று விதி சொல்லவில்லையென்றால் செய்யக் கூடாது. பழையபடி ஆக்குவது ரிப்பேர். பழையதைவிட உறுதியாக்குவது மாற்றம். எனக்கு வேலை செய்த வெல்டர் நல்ல மனதோடு, சஸ்பென்ஷன் மேலே மாட்டும் இடத்தில் ஒரு 3 மி.மீ. தகட்டை ஒட்டுப்போட்டு, "இனிமேல் அசையாது சார்" என்றார். அசையாதுதான். ஆனால் மறுபரிசோதனையில் அதிகாரி அந்தத் தகட்டின் மேல் விரலை வைத்து, இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிரைண்டரை எடுத்து அன்று மாலையே வெட்டி எடுத்தோம். வெல்டிங் செய்பவர் கையில் விதியின் அந்தப் பக்கத்தை முன்பே கொடுத்துவிடுங்கள்.

இந்தக் குடும்பத்தின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இன்ஜினைத் திறக்க முடியாதபடி சீல் வைக்காத வகுப்பில், அனுமதித்ததற்கும் அனுமதிக்காததற்கும் நடுவிலுள்ள மயிரிழையில்தான் எல்லாமே நடக்கும். 2014ல் எஸ்சிசிஏவின் தேசிய இறுதிப் போட்டியான ரன்ஆஃப்ஸில் ஸ்பெக் மியாட்டாவில் முன்னணியில் முடித்த பல கார்கள் சிலிண்டர் ஹெட்டில் செய்த வேலைக்காக நீக்கப்பட்டன. அதனால் விபத்துக்குப் பிறகு வேறொருவரின் பழைய இன்ஜினையோ ஹெட்டையோ வாங்கிப் போடும்போது, உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் போடாதீர்கள். பாடியே மாற்றுவதானால் மாடல் ஆண்டையும் கவனியுங்கள். மியாட்டாவில் 1.6 லிட்டருக்கும் 1.8 லிட்டருக்கும் குறைந்தபட்ச எடையும், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டரும் வேறு. கேஜும் புதிதாகக் கட்ட வேண்டும், காரின் பரிசோதனைப் பதிவேடான லாக்புக்கும் புதிதாக எழுத வேண்டும்.

ஸ்பெக் ரேசர் ஃபோர்டு இதற்கு நேர் எதிர். 1984ல் ஸ்போர்ட்ஸ் ரெனோவாகத் தொடங்கி, பிறகு ஃபோர்டு இன்ஜினுக்கு மாறிய கார் அது. குழாய்ச் சட்டம், ஃபைபர் பாடி, சீல் வைத்த இன்ஜினும் கியர்பாக்ஸும். உதிரிகள் எஸ்சிசிஏ என்டர்பிரைசஸ் வழியாக மட்டும். பழைய கார் தேடி அலைய முடியாது, விலை பேச முடியாது. ஆனால் அவர்களின் பிரதிநிதிகள் போட்டி நடக்கும் இடத்துக்கே உதிரிகளைக் கொண்டுவருவார்கள். சனிக்கிழமை வளைந்த ஆர்ம் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் மாறியிருக்கும். நீங்களே கற்றுக்கொண்டு கராஜில் கை அழுக்காகும் ஆசை உள்ளவர் என்றால் இந்த வகுப்பு கொஞ்சம் அந்நியமாக இருக்கும். நேரம் குறைவு, ஓட்டினால் போதும் என்றால் இதைவிட நிம்மதி வேறில்லை.

ஃபார்முலா ஃபோர்டும் ஃபார்முலா வீயும் முழு ஸ்பெக் இல்லை, சேஸை யார் வேண்டுமானாலும் செய்யலாம். 1967ல் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டில் முக்கியமாக இன்ஜின்தான் கட்டுப்பட்டது. அதில் ஒரு நல்ல விஷயம், சட்டத்தைவிட விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் V வடிவ ஆர்ம்) முதலில் மடியும். ஆனால் சக்கரம் வெளியே இருக்கும் கார்களில் சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் கார் காற்றில் எழும், உரசலைச் சின்னது என்று விடவே முடியாது. வீயில் முன் ஆக்ஸில் பழைய பீட்டில் காருடையது. அது வளைந்தால் மாற்று தேடத்தான் வேண்டும்.

வகுப்பை மட்டுமல்ல, நடத்தும் கிளப்பையும் ஒப்பிடுங்கள். ஒரே மியாட்டாவை எஸ்சிசிஏவிலும் நாசாவிலும் (விண்வெளி நிறுவனம் அல்ல, இன்னொரு அமெரிக்கப் பந்தய அமைப்பு) ஓட்டலாம், ஆனால் இரண்டின் விதிப்புத்தகத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். போர்ஷே கிளப்பில் 13/13 விதி இருக்கிறது: மோதலுக்கு நீங்கள் காரணம் என்றால் 13 மாதம் கண்காணிப்பு, அதற்குள் மறுபடி நடந்தால் 13 மாதம் தடை. உரசிக்கொண்டு ஓட்டுவது சகஜம் என்ற கிளப்புக்கும் இதற்கும் களத்தில் உடனே வித்தியாசம் தெரியும். கார் உடைவதும் குறையும். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போட்டியில் அடிபட்ட காரின் லாக்புக்கில் அதிகாரி சேதத்தை எழுதியிருப்பார், மறுபரிசோதனை முடியாமல் ஓட்ட முடியாது. அந்தப் பக்கத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். அப்புறம் சப்ஃபிரேமை இறக்கி அந்தத் துளைகளைக் குறுக்கே அளந்து பாருங்கள். 3, 4 மி.மீ. என்றால் தயங்காமல் சரிசெய்யுங்கள், வகுப்பு மாற வேண்டாம். 10க்கு மேல் போய், கதவு இடைவெளியும் மாறியிருந்தால், அந்தப் பாடியில் ஒரு வெல்டிங்கும் வைக்காதீர்கள். நல்ல உதிரிகளைக் கழற்றிக்கொண்டு அதே மாடலில் வேறு பாடி பாருங்கள். வேலை முடிந்ததும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரைக் கழற்றிவிட்டு, நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி நான்கு சக்கரத்தின் எடையையும் போடுங்கள். வலது முன், இடது பின் இரண்டின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதிக்குப் பக்கத்தில் வரவேண்டும். அதைக் கொண்டுவர ஒரு மூலையின் ஸ்பிரிங்கை மட்டும் அளவுக்கு மீறி ஏற்ற வேண்டியிருந்தால், மறுபடி தூக்குக்குண்டை எடுங்கள்.