வாசகர் கேள்வி – பதில்: எடை ஒத்திருந்தால் போதுமா?

கேள்வி: நான் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் வசிக்கும் என் அக்கா மகன், சுட்டு முடித்த .308 ரகத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதால், வீட்டிலேயே மீண்டும் நிரப்பிப் போட்டிகளில் சுடுகிறான். கூடுகளை எடைபோட்டு, ஒத்த எடையுள்ளவற்றைத் தனியே பிரித்து வைக்கிறானாம். கூடுகளின் சீர்மையை அறிய எடை மட்டும் போதுமா? இங்கே நாம் அப்படிச் செய்து பார்க்கலாமா? புதுச்சேரியில் ஏர் ரைபிள் பழகும் என் மகளுக்கு இதனால் பயன் உண்டா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: போதாது. சுடுபவருக்குத் தேவைப்படுவது கூட்டின் உட்கொள்ளளவு. எடை அதற்கு ஒரு மறைமுகக் குறிப்பு மட்டுமே. ஒரே அளவு வெடிமருந்து சிறிய இடத்தில் எரிந்தால் அழுத்தம் உயர்ந்து குண்டின் வேகமும் மாறும். தொலைதூர இலக்கில் அது மேலும் கீழுமாகச் சிதறலாகத் தெரியும். .308 கூட்டில் ஏறத்தாழ 56 கிரெயின் நீர் கொள்ளும் (ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம்). பித்தளை நீரைவிடச் சுமார் எட்டரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே வெளியளவு ஒன்றாக உள்ள இரு கூடுகளில் ஒன்று 10 கிரெயின் கூடுதல் எடை கொண்டிருந்தால், அதில் 1.2 கிரெயின் நீர், அதாவது இரண்டு விழுக்காடு, குறைவாகக் கொள்ளும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்தக் கூடுதல் பித்தளை அடிவிளிம்பையொட்டிய பள்ளத்தில் இருந்தால் எடை மட்டும் கூடும், கொள்ளளவு மாறாது.

எனவே நீரால் அளப்பதே நேர்வழி. ஒரே துப்பாக்கியில் சுட்ட கூடுகளை எடுத்து, எரிந்த பிரைமரை (அடிப்பகுதியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) அகற்றாமல் அதையே அடைப்பாக வைத்து, வெறுமையாக ஒருமுறையும் நீர் நிரப்பி ஒருமுறையும் எடைபோட வேண்டும். உட்சுவரில் ஒட்டும் காற்றுக் குமிழிகளைத் தட்டி வெளியேற்றி, வாயருகே நீர் மேடாகவோ குழிவாகவோ இல்லாமல் சமமாக நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டுச் சோப்பு நீர் கலந்தால் இது எளிதாகும்.

அடுத்தது கழுத்து, அதாவது குண்டு அமரும் கூட்டின் குறுகிய வாய்ப்பகுதி. கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தால் குண்டு மையம் விலகி அமரும். தட்டை முனை மைக்ரோமீட்டர் (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) உட்புற வளைவில் இரு ஓரங்களில் மட்டும் தொட்டு, தடிமனைக் கூட்டிக் காட்டும் என்பது தங்கள் தொழிலில் இருப்போர் அறிந்ததே. உருண்டை முனையுள்ளதைக் கொண்டு சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்து, வேறுபாடு 0.025 மி.மீ.க்குள் இருக்கும் கூடுகளைப் போட்டிக்கு ஒதுக்கலாம். பின்னர் கூட்டை வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கியில்) கிடத்தி மெல்லச் சுழற்றினால், கழுத்தின் மேல் வைத்த டயல் கேஜின் (நுண்ணிய அசைவையும் காட்டும் முள் அளவியின்) முள்ளே கோணலைக் காட்டிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரே கூட்டைப் பத்து முறை எடுத்து வைத்து அளக்கும்படி அக்கா மகனிடம் சொல்லுங்கள். அந்தப் பத்து அளவுகளின் சிதறல், வெவ்வேறு கூடுகளுக்கிடையே தெரியும் வேறுபாட்டுக்கு நிகராக இருந்தால், பிரித்து வைத்ததெல்லாம் வீண். மின்விசிறிக் காற்றே தராசு எண்ணை ஆட்டும். புதுச்சேரி நேரு வீதி நகைக்கடைகளில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது இதனால்தான்.

நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தோட்டாவின் பாகங்களும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். ஆகவே அந்த முயற்சி வீட்டில் வேண்டவே வேண்டாம். தங்கள் மகளுக்கோ இதே ஒழுங்கு மிகவும் பயன்படும். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். 4.5 மி.மீ. ஈயக் குண்டுகள் தலை விட்ட வாரியாக 4.49, 4.50 என்று விற்கப்படுகின்றன. துப்பாக்கியை இறுக்கிப் பொருத்தி ஒவ்வொரு வகையிலும் சில குண்டுகளைச் சுட்டு, எவ்வகை நெருங்கி விழுகிறது என்று பார்த்து, அதே தயாரிப்புத் தொகுதியிலேயே பருவம் முழுவதற்கும் வாங்கி வையுங்கள். பாவாடை (குண்டின் விரிந்த பின்விளிம்பு) நசுங்கிய குண்டுகளை எடைபோடாமலேயே கழித்துவிடலாம்.