காம்பாக்ட் கேமரா பயணத்தின்போது லென்ஸ் சிக்கி நின்றுவிட்டால் என்ன செய்வது? அடுத்த பயணத்தில் இப்படி ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தனுஷ்கோடியில் நல்ல காற்றில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது லென்ஸ் பாதி நீட்டியபடியே நின்றுவிட்டது, திரையில் லென்ஸ் எர்ரர் என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது, அடுத்து லடாக் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக, பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் முழு பலத்தோடு லென்ஸைத் தள்ளப் பார்க்கும். நடுவில் மணல் சிக்கியிருந்தால் அது இன்னும் ஆழமாகப் போகும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பல் தேய்ந்துபோகும். விரலால் உள்ளே தள்ளவும் வேண்டாம். இப்போது சரிசெய்யக்கூடிய நிலையில் இருப்பது அதற்கப்புறம் சரிசெய்ய முடியாததாகிவிடும்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காம்பாக்ட் கேமராவின் லென்ஸ் என்பது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு மூன்று குழாய்கள். குழாயின் பக்கத்தில் இருக்கும் சிறு முளைகள் சுருள் சுருளான பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போவதால்தான் லென்ஸ் சுழன்றபடி வெளியே வருகிறது. குழாய்களுக்கு நடுவே மிகக் குறுகிய இடைவெளிதான் இருக்கிறது, அதில் ஒரு மணல் துகள் நுழைந்தாலே போதும். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் மணல் மட்டும் வருவதில்லை, உப்பு ஈரமும் சேர்ந்து வருகிறது, அந்த ஈரம் துகளை அப்படியே ஒட்டவைத்துவிடும். இதுவரை பட்டனை அழுத்தியபோது உள்ளே ஏதோ நகர முயற்சி செய்யும் சத்தம் கேட்டிருந்தால் மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது, எனவே நம்பிக்கை இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பேட்டரியையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா வையுங்கள். பேட்டரியைத் தனியாக முழுதாக சார்ஜ் போடுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சார்ஜ் குறைந்த பேட்டரியால் லென்ஸை முழுதும் இழுக்க முடியாமல் பாதியில் நின்று, அதே எர்ரர் வருவதும் உண்டு. அப்புறம் கேமராவை லென்ஸ் தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் புளோயரால் குழாய்களின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் போகும். கம்ப்யூட்டர் சுத்தம் செய்யும் காற்று டப்பாவும் வேண்டாம், அதன் வேகம் துகளை உள்ளேதான் அனுப்பும், சில சமயம் திரவமும் பீய்ச்சும். காய்ந்த மென்மையான பிரஷ் இருந்தால் விளிம்பில் உப்புப் படிந்திருப்பதை மெதுவாகத் தட்டிவிடுங்கள். லென்ஸின் முன்னால் தானாகத் திறந்து மூடும் மூடியின் இதழ்கள் மட்டும் பாதி திறந்தபடி நின்றிருந்தால் அதுவும் பெரும்பாலும் மணல்தான், அங்கேயும் ஊதுவதுதான் வழி, நகத்தால் நெம்பாதீர்கள். பிறகு முழு சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்படியே ஒருமுறை ஆன் செய்யுங்கள். அசைந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஊதுங்கள். இரண்டு மூன்று முறைக்குமேல் வேண்டாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையில் கேமராவை அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. சிலருக்குச் சரியாகியிருக்கலாம், ஆனால் நான் யாருக்கும் அதைச் சொல்லமாட்டேன். முளை பள்ளத்திலிருந்து நழுவிவிட்டால் பிறகு லென்ஸைப் பிரித்தாக வேண்டும். கேமரா கீழே விழுந்து, லென்ஸ் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் இருக்கிறது என்றால் முளை ஏற்கெனவே நழுவியிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது ஊதுவதற்கெல்லாம் வேலை இல்லை, நேராக சர்வீஸ்தான். அங்கே போனால் பெரும்பாலும் லென்ஸை மொத்தமாக மாற்றவேண்டும் என்பார்கள், பழைய மாடலாக இருந்தால் பாகம் கிடைக்காது, கிடைத்தாலும் அந்தச் செலவில் அதே மாடலைப் பழைய கேமராவாக வாங்கிவிடலாம். வராமல் தடுப்பதைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

படங்கள் போய்விட்டனவோ என்று பயந்திருக்கிறீர்கள். போகவில்லை. கார்டு லென்ஸோடு சம்பந்தப்பட்டதில்லை, கார்டு ரீடரில் போட்டு போனிலோ கம்ப்யூட்டரிலோ எடுத்துக்கொள்ளலாம். நிறைய மாடல்களில் பவர் பட்டனுக்குப் பதிலாக பிளே பட்டனை அழுத்தினாலே கேமரா ஆன் ஆகும், லென்ஸ் அசையாது, படங்களை மட்டும் பார்க்கலாம்.

இனி தடுப்பது. நான் பார்த்தவரையில் காம்பாக்ட் கேமராக்களைக் கொல்வதில் மணலுக்கு அடுத்தது பைதான். உறையில்லாமல் பைக்குள் போடும்போது ஏதாவது ஒன்று பவர் பட்டனை அழுத்திவிடும், லென்ஸ் வெளியே வரப் பார்க்கும், துணியும் சாவியும் தடுக்கும், எர்ரர். இதற்கு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கெட்டியான உறை போதும். அணைத்தபின் லென்ஸ் முழுதாக உள்ளே போய் மூடி மூடும்வரை கையில் வைத்திருந்துவிட்டு உள்ளே போடுங்கள். ஜீன்ஸ் பாக்கெட்டில் வெறுமனே போடுவதும் கூடாது, அங்கே இருக்கும் பஞ்சுத்தூசிக்கு அளவே கிடையாது. கயிறை எப்போதும் மணிக்கட்டில் மாட்டுங்கள்.

தூசி இன்னொரு வேலையும் செய்கிறது. லென்ஸ் வெளியே போய் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கிறது, அதோடு வரும் தூசி, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் உட்கார்ந்துவிட்டால் படத்தில் ஒரே இடத்தில் மங்கலான சாம்பல் புள்ளி வரும். லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராவில் நாமே துடைத்துவிடலாம், இதில் பிரித்தால்தான் முடியும். அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையைக் குறைத்து (எஃப்/8 அல்லது அதற்குமேல், எண் கூடினால் துளை சிறிது) வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளி இருந்தால் தெரியும். பயணத்தின் நடுவில் கண்டுபிடித்தால் எஃப்/2.8, எஃப்/4 என்று திறந்த அபர்ச்சரிலேயே எடுங்கள், புள்ளி கரைந்துபோய் பெரும்பாலும் தெரியாது. மணல் பறக்கும் இடத்தில் தேவையில்லாமல் ஜூம் செய்யாதீர்கள், அகலமாகவே வைத்துக்கொண்டு எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள், நடக்கும்போது ஜிப் லாக் கவருக்குள் இருக்கட்டும். லடாக்கில் மணலா என்று நினைக்கலாம். நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் போனீர்கள் என்றால் இரட்டைத் திமில் ஒட்டகங்களோடு அசல் மணல்மேடுகளே இருக்கின்றன, மாலையில் காற்றும் அடிக்கும்.

லடாக்கில் பெரிய பிரச்சினை குளிர். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம், நூப்ரா போகும் வழியில் இருக்கும் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். லித்தியம் அயான் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும், உள்தடை ஏறி வோல்டேஜ் சட்டென்று விழும், கேமரா அதைப் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அணைந்துவிடும். உண்மையில் அதில் சார்ஜ் இருக்கும். கழற்றிச் சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் திரும்பி வந்துவிடும். ஒன்று கேமராவில், இன்னொன்று உள்பாக்கெட்டில் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு நாள் தாராளமாக ஓடும். காம்பாக்ட் பேட்டரி சின்னது, பல மாடல்களில் கம்பெனி சொல்லும் கணக்கே முழு சார்ஜுக்கு 200 முதல் 300 படம்தான், குளிரில் அதுவும் வராது. அதனால் கூடுதல் பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள். விமானத்தில் அதைக் கையில் எடுத்துப்போகும் பையில்தான் வைக்கவேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட் ஹவர் வரை அனுமதி என்பது விதி, உங்கள் பேட்டரி நான்கைந்து வாட் ஹவர்தான் இருக்கும், எனவே கவலையில்லை. பேட்டரியின் முனைகள் சில்லறைக் காசிலோ சாவியிலோ படாமல் அதன் பிளாஸ்டிக் மூடியில் போட்டு வையுங்கள்.

குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அறைக்காற்றின் ஈரம் சில்லிட்ட கண்ணாடியிலும் உள்ளே சர்க்யூட்டிலும் துளித்துளியாகப் படியும். வெளியே இருக்கும்போதே ஜிப் லாக் கவரில் போட்டு மூடி, அறைக்குள் வந்து அரைமணி ஒருமணி கழித்துத் திறந்தால் ஈரம் கவருக்கு வெளியே நின்றுவிடும். நம்ம ஊரில் இதுவே தலைகீழாக நடக்கிறது: ஏசி அறையிலிருந்து கடற்கரைக்குப் போனவுடன் லென்ஸ் மூடுபனி போட்டதுபோல் ஆவது இதனால்தான். துடைத்துத் துடைத்து எடுப்பதைவிட பத்து நிமிடம் பொறுப்பது நல்லது.

கார்டு எர்ரர் வந்தால் முதலில் கார்டின் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் பொத்தான் கீழே இறங்கியிருக்கிறதா பாருங்கள். கார்டை ஃபார்மட் செய்யவா என்று கேமரா கேட்டால் செய்யாதீர்கள், அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் தனியாக வைத்துவிட்டு வேறு கார்டைப் போடுங்கள். வீடு திரும்பியபின் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலான படங்களை மீட்க முடிகிறது. என் உறவினர் ஒருவரின் கார்டிலிருந்து அவருடைய பெற்றோரின் காசிப் பயணப் படங்களை இப்படித்தான் எடுத்துக்கொடுத்தேன், அதிலிருந்து இரண்டு கார்டு இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. தினமும் இரவில் ஓடிஜி ரீடர் (போனில் நேராகச் செருகும் கார்டு ரீடர்) மூலம் படங்களைப் போனுக்கு மாற்றிவிடுங்கள். லடாக்கின் பாங்காங் ஏரிப் பக்கம் நெட்வொர்க்கை நம்பி கிளவுடில் ஏற்றலாம் என்று திட்டம் போடவேண்டாம்.

கடல்நீர் மேலே தெறித்தால் மட்டும் உடனே பேட்டரியை எடுத்துவிடுங்கள், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் துடைத்துக் காயவையுங்கள். உள்ளேயே போயிருந்தால் ஆன் செய்யாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். அரிசிப் பானையில் வைப்பதால் உப்பு போகாது.

உங்கள் லென்ஸ் இப்போது அசைந்து உள்ளே போய்விட்டது என்றால் உடனே லடாக் பைக்குள் வைத்துவிடாதீர்கள். வீட்டில் சில நாள் வைத்து, அமைதியான அறையில் ஜூமை முழுதும் உள்ளே வெளியே ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். சீராக ஓடினால் கொண்டுபோகலாம். கரகரவென்று கேட்டாலோ, ஒரே இடத்தில் தயங்கினாலோ உள்ளே இன்னும் துகள் இருக்கிறது, போவதற்கு முன்பே சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். எந்த மாடல், விழுந்ததா இல்லையா, பட்டனை அழுத்தும்போது என்ன சத்தம் வருகிறது என்று கீழே எழுதினால் இன்னும் சரியாகச் சொல்லப் பார்க்கிறேன்.