ஷேல் சாம்பிள்ல செனான் எகிறுதா? முதல்ல பவுடர் பண்றத நிறுத்துங்க

ஆராய்ச்சி மாணவர் ஒருத்தர் கேட்ருக்கார்: கருப்பு ஷேல (களிமண் படிஞ்சு இறுகுன பாறை) நல்லா பவுடராக்கி, வேக்யூம்ல சூடு பண்ணி செனான், ஆர்கான் மாதிரி மந்த வாயு அளந்தேன், செனான்-ஆர்கான் விகிதம் காத்துல இருக்கறத விட பல மடங்கு வருது, மெஷின்ல லீக்கா?

லீக்கா இருக்க வாய்ப்பு கம்மி. லீக்னா காத்து அப்படியே உள்ள வரும், விகிதமும் கிட்டத்தட்ட காத்து மாதிரிதான் இருக்கும். செனான் மட்டும் ஏறுதுன்னா அது எங்கயோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.

மந்த வாயு எதோடயும் சேராதுன்னு படிச்சிருப்பீங்க, ஆனா சேர்றது வேற ஒட்டறது வேற. செனான் அணு பெருசு, அதோட எலக்ட்ரான் மேகம் இளக்கமா இருக்கும், பக்கத்துல ஒரு பரப்பு வந்தா மேகம் லேசா சாஞ்சு சின்னதா ஒரு ஈர்ப்பு வந்துரும். ஹீலியத்துக்கு அந்த இளக்கம் ரொம்ப கம்மி. கொதிநிலைய பாத்தாலே புரியும்: ஹீலியம் மைனஸ் 269 டிகிரி, ஆர்கான் மைனஸ் 186, செனான் மைனஸ் 108.

கருப்பு ஷேல்ல இருக்கற கெரோஜன்ங்கற கரிமப்பொருள் கிட்டத்தட்ட அடுப்புக்கரி மாதிரி, உள்ள பூரா பொடிப்பொடி துளை, அதுல கனமான வாயுதான் அதிகமா தங்கும். கலிபோர்னியா எல்க் ஹில்ஸ் எண்ணெய் வயல்ல வர்ற வாயுவுலயும் இப்படி செனான் கூடுதலா இருக்கறத பாத்திருக்காங்க. அதனால உங்க செனான் நெசமாவே பாறையோடதா இருக்கலாம்.

ஆனா எனக்கு உறுத்தறது உங்க பவுடர்தான். கல்ல காத்துல இடிக்கும்போது புதுசா உடையற பரப்பு காத்துல இருக்கற கிரிப்டானையும் செனானையும் புடிச்சுக்கும், அதுல ஒரு பகுதி அப்புறம் லேசா சூடு பண்ணாலும் விடாது. நிலாக் கல்ல காத்துல பொடிச்சப்பவே இத கவனிச்சிருக்காங்க. ஐசோடோப்ப (ஒரே தனிமத்தோட வேற வேற எடை அணுக்கள) வச்சு பிரிச்சிரலாம்னு நெனைக்காதீங்க, பாறை பழைய காலத்துல வாங்குனதும் காத்து செனான்தான், நீங்க உரல்ல ஏத்துனதும் காத்து செனான்தான்.

ஒரே கட்டிய ரெண்டா பிரிங்க. ஒண்ண பழையபடி பவுடராக்குங்க, இன்னொண்ண ரெண்டு மூணு மில்லிமீட்டர் சில்லா விடுங்க. ரெண்டையும் வேக்யூம்ல 100லேந்து 150 டிகிரில ராத்திரி பூரா வச்சு, அப்புறம் படிப்படியா சூட்ட ஏத்தி அளங்க, நடுவுல காலி குடுவைய ஓட்டி பிளாங்க் (சாம்பிள் இல்லாமலே மெஷின் காட்டற அளவு) எடுக்க மறக்காதீங்க. ஒரு கிராமுக்கு பவுடர்ல செனான் ரொம்ப தூக்கலா வந்தா அது உரல்ல ஏறினது, சில்லுலயும் அதே அளவு வந்தா பாறையோடது. அதுவரைக்கும் மிச்சம் இருக்கற கட்டிய உடைக்காம அப்படியே வைங்க.