நேற்று ஓடி ஓடி வேலை செய்தவர் இன்று ஏன் லீவு?

கேள்வி: கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக எங்களிடம் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு (வயது 38) இரண்டு வருடமாக நாரி நோவு. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முள்ளந்தண்டு வட்டு (டிஸ்க்) கொஞ்சம் புடைத்திருக்கிறது, ஒப்பரேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். ஒரு நாள் கட்டுக் கட்டாகச் சாறி தூக்குகிறார், அடுத்த நாள் நிமிர முடியவில்லை என்று லீவு. மற்றப் பிள்ளைகள் நடிப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முற்றாகச் சுகமாகும் வரை வீட்டில் நிற்கச் சொல்லட்டுமா? கெட்டிக்கார விற்பனையாளர், இழக்க மனமில்லை.

பதில்: வீட்டில் நிற்கச் சொல்லாதீர்கள். நாரி நோவு என்றால் படுத்திரு என்று சொன்னது பழைய வைத்தியம், அதை நாங்களே கைவிட்டுவிட்டோம். அசையாமல் கிடந்தால் தசை பலம் குறையும், விறைப்புக் கூடும். அதோடு, இரண்டு வருடமாக இருக்கிற நோவு முற்றாக மாறும் வரை காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். சிலருக்கு இது கூடியும் குறைந்தும் பல வருடம் தொடரும். ஆனாலும் வேலையை ஆளுக்கேற்ற மாதிரி அமைத்துக் கொடுத்தால் பெரும்பாலானோர் தொடர்ந்து வேலை செய்வார்கள்.

நடிப்பு என்ற கதையை முதலில் முடித்துவிடுவோம். மூன்று மாதத்தைத் தாண்டிய நோவை நாட்பட்ட நோவு என்கிறோம். அந்தக் கட்டத்தில் படத்தில் தெரிவதும் ஆள் படுகிற நோவும் பல நேரம் ஒத்துப்போகாது. நோவே இல்லாத 50 வயதுக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வட்டுப் புடைப்பு இருக்கிறது. ஆகவே படம் சுமாராக இருப்பதால் நோவு பொய்யாகிவிடாது. பூனை நடந்தாலும் அடிக்கிற கடை அலாரம் மாதிரி, சாதாரண அசைவுக்கும் நரம்புகள் சத்தம் போடப் பழகிவிடுகின்றன. நித்திரை குறைந்தாலும் வீட்டில் கவலை இருந்தாலும் இன்னும் கூடும்.

சரி, இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். ஒரு நாள் கட்டுக் கட்டாகத் தூக்குகிறார், அடுத்த நாள் லீவு. உங்கள் பிரச்சினை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. நோவு குறைந்த நாளில் அவர் விட்ட வேலையெல்லாம் செய்து முடிக்கப் பார்க்கிறார். லீவு எடுத்த குற்ற உணர்வும் இருக்கும், மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ரோஷமும் இருக்கும். இன்றைக்கு நல்லாத்தானே இருக்கிறார் என்று நீங்களும் ஸ்டோருக்கு அனுப்பியிருப்பீர்கள். அளவுக்கு மிஞ்சியது அந்த நேரம் தெரியாது, இரவோ மறுநாள் காலையோதான் தெரியும். ஆகவே நோவு கூடிய நாளைவிட நல்ல நாளில்தான் நீங்கள் பிரேக் போட வேண்டும். எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்பது, எத்தனை கட்டுத் தூக்குவது என்பதை அவருடைய சுமாரான நாளை வைத்து முடிவு செய்யுங்கள். நல்ல நாளிலும் அந்த அளவுதான். இரண்டு மூன்று கிழமை அது தாக்குப்பிடித்தால் கொஞ்சம் கூட்டலாம்.

அப்புறம், உட்கார ஒரு ஸ்டூல். நம் ஊர்ப் புடவைக்கடைகள் பலவற்றில் விற்பனைப் பிள்ளைகள் உட்காரக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. முதலாளிமார் கோபித்தாலும் சொல்கிறேன், அது அர்த்தமில்லாத சட்டம். ஆள் வந்தால் எழும்பினால் போதாதா? அவருக்கு மட்டும் ஸ்டூல் போட்டால் அதுவே ஒரு கதையாகும், எல்லோருக்கும் போடுங்கள். அதற்காக நாள் முழுவதும் காசாளர் கதிரையில் இருத்திவிடவும் வேண்டாம். ஒரே இருப்பும் நாரிக்குக் கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிலை மாறினால் நல்லது. பாரமான கட்டுகளைக் கீழ்த் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். பாடசாலை நேரத்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர் என்றால் அரை மணித்தியாலம் பிந்தி வந்து பிந்திப் போகட்டும். பெருநாள், சித்திரை, தீபாவளிச் சனத்தில் எப்படியும் நோவு கூடும், அந்த நாட்களில் ஸ்டோர் வேலையை வேறு ஒருவருக்கு முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும், சுகயீனம் போன்ற காரணங்களுக்கு 7 நாளும் உண்டு. நாட்பட்ட நோவுக்காரருக்கு அது விரைவில் கரைந்துவிடும். அரை நாள் லீவை அனுமதித்தால் முழு நாள் லீவுகள் பல மிச்சமாகும்.

மருந்து விஷயத்தில் ஒன்று. டைக்ளோபெனக் போன்ற நோவுக் குளிசைகளைப் பார்மசியில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறாரோ தெரியாது. அப்படியென்றால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும். வயிற்றில் புண் வரும், பிரஷரும் சிறுநீரகமும் கெடும். இடுப்புப் பட்டியை நாட்பட்ட நாரி நோவுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. பலன் தருவது உடற்பயிற்சி. கல்முனையில் அரச வைத்தியசாலையே இரண்டு இருக்கின்றன, பிசியோதெரபிக்குத் துண்டு கேட்கச் சொல்லுங்கள். போகிற நாளுக்குச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

சலம் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போனால், சலம் கழிக்கவே முடியாமல் போனால், தொடை இடுக்கு மரத்தால், கால் திடீரெனப் பலமிழந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ காரணமில்லாத எடை குறைவோ சேர்ந்தாலும், காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு இருந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும், அது வேறு வருத்தமாக இருக்கலாம்.

இதையெல்லாம் தொடங்குமுன் அவரைத் தனியே இருத்தி, எந்த வேலை கூட வருத்துகிறது என்று கேளுங்கள். ரிப்போர்ட் காட்டச் சொல்ல வேண்டாம். மற்றப் பிள்ளைகளிடம் ஸ்டோர் வேலை இனி முறை வைத்துத்தான் என்று மட்டும் சொல்லுங்கள், அவருடைய வருத்தம் அவருடைய விஷயம். தினமும் காலையில் எல்லோர் முன்னும் நோவு எப்படி என்று விசாரிக்காதீர்கள். ஆறு கிழமை கழித்து லீவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். லீவு குறையவில்லை என்றால் மீண்டும் எழுதுங்கள்.