லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் டைல்ஸ் கூடமும்

கும்பகோணத்தில் முப்பது வருடமாக ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கிறேன். கழற்றிப் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்துத்தான், நீங்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு இந்தப் பதில்கள்.

புது வீடு கட்டி, லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கினேன். நாகஸ்வரம் போட்டால் காதைக் குத்துகிறது, தவில் ஒரே இரைச்சல். ஏமாந்துவிட்டேனா? (மன்னார்குடி)

ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். நாகஸ்வரம் வீதிக்கும் பிராகாரத்துக்கும் ஆன வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்வதே, சுவாமி புறப்பாட்டில் தெருக்கோடி வரை கேட்பதற்காகத்தான். அதை டைல்ஸ் தரை, வழவழச் சுவர், கண்ணாடி ஜன்னல், கான்கிரீட் கூரை என்று அடைத்தால், ஒலி போக இடமில்லாமல் மோதி மோதித் திரும்பும். கூடத்தின் நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் 'ணங்' என்று ஒரு வால் நீண்டால் கோளாறு அறையில்தான்.

திருவையாற்றில் ஒரு வீட்டில் இதே புகார். பரணில் கிடந்த ஜமக்காளத்தை இறக்கி ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே விரித்தோம். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டோம். மூலையில் ஒட்டிக்கிடந்த ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து, உட்காருபவரின் காது உயரத்துக்கு ஏற்றினோம். அப்புறம் அதே தவிலைப் போட்டபோது, இடப்பக்கத் தொப்பியில் குச்சி விழுவதும் வலப்பக்க வலந்தலையில் கூடு (விரலுறை) போட்ட விரல் விழுவதும் தனித்தனியாகக் கேட்டன. செலவு திரைத்துணிக்கு மட்டும். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் பதினைந்தாயிரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (திருவாரூர்)

வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் பத்தடிக்குத் தாராளம். நம் ஊர் ஈரத்தில் முனை பச்சை பிடிக்கும். வருடம் ஒரு தரம் சீவி இறுக்கி மாட்டுங்கள்.

கடையில் இரண்டு ஆம்ப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடியதுதான் தெளிவாகக் கேட்டது. காது பொய் சொல்லுமா? (மயிலாடுதுறை)

காது பொய் சொல்லாது. ஆனால் சத்தம் துளி கூடினாலும் அதைத் தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். சென்னையில் ஒரு கடையில் எனக்கும் இப்படித்தான் காட்டினார்கள். இரண்டையும் ஒரே சத்தத்துக்கு வைக்கச் சொல்லி, கருவிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பத்து தரம் மாற்றி மாற்றிப் போட்டும் எது எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று எனக்குக் கோபம் வந்தது. சேர்த்து வைத்த பணத்தோடு எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்! வாட் கணக்கிலும் மயங்காதீர்கள். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும்.

கச்சேரி கேட்பதற்கென்று 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். எப்படிப் பிரிப்பது? (பாபநாசம், ஆசிரியை)

பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு, அம்மா. ஒன்றுக்கொன்று நிஜமாகவே மாறிக் கேட்பது அதுதான். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் எழும் கும்கி என்ற அடிக்குரல் நாதம் சின்ன டப்பாவில் வராது. மீதியில் சாதாரண ஆம்ப், ஒரு ஸ்டெபிலைசர் போதும். 192 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்கும் பாட்டுப் பதிவுக்குத் தனிப்பணம் வேண்டாம். ஒலியை நொடிக்கு 44,100 தரம் மாதிரி எடுத்துப் பதியும் சிடியே 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடும், ஐம்பது வயதுக் காதுக்கு அதுவே எட்டாது. வாங்கும் முன் தியாகராஜர் ஆராதனையில் மேடைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தக் காதோடு கடைக்குப் போனால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

தாத்தாவின் 78 தட்டுகளுக்காக (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு) விலை உயர்ந்த டர்ன்டேபிள் வாங்கினேன். கொறகொறப்புதான் வருகிறது. (திருவாவடுதுறை)

முள்ளை மாற்றுங்கள். எல்.பி. என்ற பிற்கால இசைத்தட்டுக்கான முள்ளின் நுனி 78-இன் அகலமான பள்ளத்தில் அடிவரை இறங்கி அழுக்கைத்தான் கீறும். 78-க்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்த நுனி வேண்டும், அதற்கென்றே தனி முள் விற்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் ஓடும், ஆனால் உங்கள் ஊர் நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தட்டு அதில் ஒன்று இருந்துவிட்டால் அந்த மூன்று நிமிடத்துக்கு விலையே இல்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள், தட்டு அரக்கு, கரைந்துவிடும். ஈரத்துணியால் லேபிள் நனையாமல் வட்டமாகத் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள்.