வேலையை நீங்களே விட்டாலும் இ.ஐ. (கனடாவின் வேலைவாய்ப்புக் காப்புறுதிக் காசு) கிடைக்குமா?

கேள்வி: ஒன்ராறியோவில் ஒரு வேர்ஹவுஸில் ஐந்து வருடம் வேலை செய்தேன். ஜனவரியில் மணிச் சம்பளத்தை 23 டொலரிலிருந்து 19 டொலராகக் குறைத்தார்கள். 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்ததற்கு ஓவர்டைம் காசும் தரவில்லை. மார்ச்சில் 'தனிப்பட்ட காரணம்' என்று ஈமெயில் போட்டு விலகினேன். இ.ஐ. மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. முடிவு உங்களுக்குத் தெரிய வந்து 30 நாட்களுக்குள், இ.ஐ.யைக் கவனிக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடாவிடம் மறுபரிசீலனை கேளுங்கள். கட்டணம் இல்லை.

விலகிய காரணம் நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் விலகுவதைத் தவிர வேறு நியாயமான வழி இருக்கவில்லை என்றும் நீங்கள்தான் காட்டவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சம்பளத்தில் பெரிய மாற்றம், ஓவர்டைமுக்குக் காசு மறுத்தல் இரண்டும் வேலைவாய்ப்புக் காப்புறுதிச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப் பட்டியலில் உள்ளவை. அது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். மேலாளரிடம் முறையிட்டீர்களா, யூனியன் இருந்ததா, தொழில் அமைச்சுக்குப் போனீர்களா, விலகுமுன் வேறு வேலை தேடினீர்களா என்று அதிகாரி கேட்பார்.

ஜனவரிக்கு முன்னும் பின்னும் உள்ள பே ஸ்டப்புகளை (சம்பளச் சீட்டுகளை)ப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலாளருக்குப் போட்ட மெசேஜ், ஷிப்ட் அட்டவணை, வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் சேரட்டும். வாயால் மட்டும் கேட்டிருந்தால் எப்போது, யாரிடம், என்ன பதில் என்று எழுதி, அதைக் கேட்ட சக தொழிலாளியிடம் கையொப்பமிட்ட கடிதம் வாங்குங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்ததால், 'குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டார்' என்று சொல்ல இடமிருக்கிறது. முறையிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததாக நிரூபித்தால் அதே இரண்டு மாதம் உங்களுக்கு உதவும்.

ஆர்.ஓ.இ.யில் (வேலை முடிந்ததும் முதலாளி கொடுக்கும் வேலைப் பதிவுப் பத்திரத்தில்) 'ஈ' (E) குறியீடு, அதாவது தானாக விலகல், இருக்கும். அதை மாற்றச் சண்டை போடாதீர்கள், விலகியது உண்மைதானே. 'தனிப்பட்ட காரணம்' என்று மரியாதைக்காக ஏன் எழுதினீர்கள் என்பதை மட்டும் விளக்குங்கள். தொலைபேசியில் முதலில் சொன்னதை அதிகாரி குறித்து வைத்திருப்பார். பின்னர் கதை மாறினால் முதல் கூற்றுக்கே கூடுதல் மதிப்புக் கிடைப்பது வழக்கம்.

மறுபரிசீலனையும் கைகொடுக்காவிட்டால், அந்த முடிவிலிருந்து இன்னொரு 30 நாட்களுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு. அதுவும் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். இதற்கிடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேர்விஸ் கனடாவுக்குப் போடும் இ.ஐ. ரிப்போர்ட்டை நிறுத்தவேண்டாம். வென்றாலும் ரிப்போர்ட் இல்லாத வாரங்களுக்குக் காசு வருவது சிக்கலாகிவிடும்.

எல்லாம் தோற்றால் இழப்புப் பெரிது: விலகுமுன் சேர்த்த மணித்தியாலங்கள் வழமையான இ.ஐ.க்குக் கணக்கில் வராது. இடத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் புதிதாக உழைக்கவேண்டும். சுகவீன, மகப்பேற்றுக் கொடுப்பனவுகளை இந்தத் தடை மறிக்காது.

ஓவர்டைம் பாக்கி தனி விடயம். அதற்கு இரண்டு வருடத்துக்குள் மாகாணத் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்யலாம். நீங்களாக விலகியது அதற்குத் தடையல்ல.