ஞானப்பல் எடுத்த குழி எப்போது ஆறும்? – பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்துப் பத்து நாளாகிறது. வலி இல்லை, ஆனால் குழி அப்படியே தெரிகிறது. புண் ஆறவில்லையா?

பதில்: பத்தாம் நாளில் குழி தெரிவது இயல்புதான். பல்லை எடுத்ததும் குழியில் உறையும் இரத்தக்கட்டியை, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போலக் கொண்டே எல்லா வேலையும் நடக்கிறது. முதல் வாரத்தில் அதற்குள் நுண்ணிய இரத்தக்குழாய்களும் இளந்திசுவும் புகுகின்றன, ஓரங்களிலிருந்து ஈறு மெல்ல நகர்ந்து மூன்று, நான்கு வாரங்களில் மேற்புறத்தை மூடுகிறது. அடியில் ஆறு முதல் எட்டு வாரங்களில் குழியின் பெரும்பகுதியில் உருவாகும் இள எலும்பு, கெட்டிப்பட்டு எக்ஸ்ரேயில் சுற்றியுள்ள எலும்போடு வேறுபாடின்றித் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். குழியில் காணும் வெண்மஞ்சள் படலத்தைச் சீழ் என்று எண்ணிப் பல்குத்தும் குச்சியால் சுரண்டிக்கொண்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் அது ஆறும் புண்ணின் படலமே, அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: முதல் நாளே உப்பு நீரில் கொப்பளித்து, மஞ்சள்தூள் வைக்கும்படி அம்மா சொல்கிறார். செய்யலாமா?

பதில்: முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, துப்பும் வேகத்தில் இரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வாயில் மெதுவாகச் சாய்த்து, துப்பாமல் தானாக வழியவிடுங்கள். இளநீரையும் உறிஞ்சுகுழல் இல்லாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும், குழிக்குள் எந்தத் தூளும் வேண்டாம்.

கேள்வி: எடுத்த மூன்றாம் நாள் வலி திடீரென்று கூடி, காது வரை இழுக்கிறது. வாயும் நாறுகிறது.

பதில்: இது பெரும்பாலும் 'ட்ரை சாக்கெட்', அதாவது இரத்தக்கட்டி சிதைந்து எலும்பு வெளியே தெரியும் நிலை. புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கீழ்த்தாடையில் இது அதிகம் வரும். குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் பெரும்பாலும் அன்றே வலி தணியும் என்பதால், வீட்டில் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்க்காமல் இன்றே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ, கூடிக்கொண்டே போகும் வீக்கமோ இருந்தால் அது வேறு வகை, மருத்துவமனைக்கே சென்றுவிடுங்கள்.

கேள்வி: எலும்புத்தூள் வைத்தால் சீக்கிரம் வளரும் என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா, ஐயா?

பதில்: முன்பற்களில் பின்னாளில் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர், பொருத்துவதற்காக எலும்பின் அகலத்தைக் காக்க அது பயன்படுகிறது. ஞானப்பல் இருந்த இடத்தில் வேறு பல் வைக்கப்போவதில்லை; ஆரோக்கியமான உடலில் அந்தக் குழி தானாகவே நிரம்பும் என்பதால், பெரும்பாலோருக்கு அந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து. படுத்த நிலையில் புதைந்திருந்த பல் பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் பின்புற எலும்பை ஆழமாகத் தின்றிருந்தால் மட்டும், குறிப்பாக வயது இருபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு, அதைப் பரிசீலிக்கலாம். நம் இரத்தத்தையே சுழற்றிப் பிரித்து வைக்கும் பி.ஆர்.எஃப். முறை 2001-இல் பிரான்சில் விவரிக்கப்பட்டது. வலியும் ட்ரை சாக்கெட்டும் ஓரளவு குறைகின்றன, ஆனால் எலும்பை விரைவாக வளர்க்கும் என்பதற்குச் சான்று அத்தனை வலுவாக இல்லை.

கேள்வி: கால்சியம் மாத்திரை போடட்டுமா?

பதில்: குறைபாடு இல்லாதவருக்கு அது எலும்பை விரைவுபடுத்தாது. முட்டை, குழைந்த பருப்பு சாதம், தயிர், ஆறிய கஞ்சி போதும். எள்ளும் ரவையும் குழிக்குள் போய் உட்காரும், சில நாள் தள்ளி வையுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஊசி போடுகிறார்கள். அவருக்கும் பல் எடுக்க வேண்டியுள்ளது.

பதில்: பல்லைத் தொடுவதற்கு முன்பே அந்த ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள் எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் வேலையைத் தடுப்பதால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளித்தெரிந்தே நிற்கும். ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைப் போடும் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.